ஒரே நிக்கல் கலவை, வெவ்வேறு செய்முறை: உயர் வெப்ப அரிப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உலையிலிருந்து இரண்டு துண்டுகளை எடுக்கிறோம். ஒன்று உருட்டிய தகட்டில் வெட்டியது, இன்னொன்று உலோகத் தூளை அடுக்கடுக்காக லேசரில் உருக்கி அச்சிட்டது. சான்றிதழில் இரண்டுக்கும் ஒரே பெயர். குரோமியம் அளவில் தசமப் புள்ளிக்குப் பிறகுதான் வித்தியாசம். தகட்டுத் துண்டு மெல்லிய கரும்பச்சைப் படலத்தோடு வருகிறது. அச்சிட்டதை நகத்தால் சுரண்டினால் வெள்ளைத் தாளில் கறுப்புப் பொடி உதிர்கிறது. "கலவை ஒன்றுதானே, அப்புறம் ஏன் இப்படி?" என்று கேட்பவர்களுக்காக இந்தப் பக்கம்.

உயர் வெப்ப அரிப்பும் துருப்பிடிப்பதும் ஒன்றுதானா?

இல்லை. துருவுக்கு ஈரம் வேண்டும். இங்கே திரவ நீருக்கு வேலையே இல்லை. 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் காற்று, புகை, நீராவி, உருகிய உப்பு ஆகியவை உலோகத்தை நேரடியாகத் தாக்குகின்றன. அந்தச் சூட்டில் உலோகம் ஆக்சைடாக மாறுவதை நிறுத்த முடியாது. மெதுவாக வளர்கிற, கெட்டியாக ஒட்டிக்கொள்கிற ஆக்சைடு முதலில் மேலே வந்து மூடிக்கொள்ளும்படி செய்யலாம், அவ்வளவுதான்.

நிக்கல் ஆக்சைடு வேகமாக வளரும், அதை நம்ப முடியாது. குரோமியம் ஆக்சைடு நிதானமாக வளரும். அலுமினியம் ஆக்சைடு அதைவிடவும் நூறு மடங்கு அளவில் மெதுவானது. சுமார் 20 சதவீதம் குரோமியம் உள்ள கலவைகள் குரோமியம் ஆக்சைடுப் படலத்தை (சுருக்கமாக, குரோமியம் படலம்) நம்புகின்றன. ஆனால் 1000 டிகிரியை ஒட்டிய சூட்டில் அந்தப் படலம் ஆக்சிஜனோடு மேலும் சேர்ந்து ஆவியாகப் போய்விடும்; நீராவி இருந்தால் அதற்கும் கீழேயே இது தொடங்கும். அதனால் அதற்கு மேற்பட்ட சூட்டுக்கு அலுமினியம் ஆக்சைடுப் படலம் தருகிற கலவைகளைத் தேட வேண்டியிருக்கிறது.

சேர்மானம் ஒன்றாக இருக்கும்போது செய்முறை எங்கே குறுக்கே வருகிறது?

சான்றிதழ் சொல்வது சராசரி. வளர்கிற படலத்துக்குச் சராசரி தெரியாது. தனக்குக் கீழே உள்ள சில மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) உலோகம்தான் தெரியும். அங்கே குரோமியம் தீர்ந்துவிட்டால் உள்ளேயிருந்து வந்து சேர வேண்டும். ஆகவே கேள்விகள் இரண்டு. பின்னால் எவ்வளவு சரக்கு இருக்கிறது? அது மேலே வருவதற்கு வழி எப்படி?

உலோகம் என்பது சின்னச் சின்னப் படிக மணிகள் நெருக்கமாக அடுக்கிய கூட்டம். 700 டிகிரியில் ஒரு மணியின் உடலுக்குள் குரோமியம் ஊர்ந்துதான் வரும். இரண்டு மணிகள் சந்திக்கும் எல்லை வழியாகப் பல ஆயிரம் மடங்கு வேகமாக வரும். மணிகள் எவ்வளவு பெரியவை, எந்தப் பக்கம் நீண்டிருக்கின்றன, கலவை சீராக இருக்கிறதா திட்டுத் திட்டாக ஒதுங்கியிருக்கிறதா, மேல்தோல் நசுங்கியிருக்கிறதா, உள்ளே துளை உண்டா என்பதையெல்லாம் தீர்மானிப்பது செய்முறைதான். கலவையின் பெயரை மட்டும் வைத்து அரிப்பு அட்டவணையைப் புரட்டுகிறவர்கள் பாதித் தகவலோடுதான் வேலை செய்கிறார்கள் என்பது என் கருத்து.

வார்த்த பாகத்தில் என்ன பிரச்சினை?

உருகிய கலவை உறையும்போது மரக்கிளை போலக் கிளைவிட்டு உறைகிறது. டெண்ட்ரைட் என்று சொல்வார்கள். முதலில் உறைகிற கிளைத்தண்டும் கடைசியாக உறைகிற கிளையிடுக்கும் ஒரே சேர்மானத்தில் இருப்பதில்லை. இன்கோனெல் 718 என்ற நிக்கல் கலவையில் நியோபியம் இடுக்குகளில் போய்ச் சேர்ந்து லேவ்ஸ் என்ற நொறுங்கும் கட்டத்தை (தனி அமைப்புள்ள படிகப் பகுதியை) உண்டாக்கும். டர்பைன் இலைகளுக்கான ஒற்றைப் படிகக் கலவைகளில் டங்ஸ்டனும் ரீனியமும் தண்டில் தங்கும். டாண்டலம், அலுமினியம் போன்றவை இடுக்குக்கு ஒதுங்கும். அதனால் ஒரே துண்டின் மேல் ஓரிடத்தில் நல்ல படலம், பத்து இருபது மைக்ரான் தள்ளி மோசமான படலம் என்று வளரும்.

கார்பைடுத் துகள்கள் (உலோகமும் கார்பனும் சேர்ந்தவை) இன்னொரு தொல்லை. நியோபியம், டைட்டானியம் கார்பைடுகள் மேற்பரப்பில் தலைகாட்டினால் சுற்றியுள்ள உலோகத்துக்கு முன்பே ஆக்சைடாகும். ஆகும்போது உப்பும். நுண்ணோக்கியில் பார்த்தால் தோலில் கொப்புளம் எழுந்ததுபோல் இருக்கும். கொப்புளத்தின் விளிம்பில் விரிசல், விரிசல் வழியே ஆக்சிஜன். வார்ப்பில் இந்தத் துகள்கள் பெரியதாகவும் சங்கிலிபோல் தொடர்ந்தும் கிடப்பதால் தாக்குதல் உள்ளே நீள்கிறது. அடித்தோ உருட்டியோ செய்த பாகத்தில் அவை உடைந்து சிதறிவிடுகின்றன.

போதுமான நேரம் உயர்ந்த சூட்டில் வைத்துச் சீராக்கினால் இந்த ஒதுக்கம் பெரும்பாலும் குறையும். ரீனியம் மட்டும் அசைந்து கொடுக்காது, அது நகர்வதே மிக மெதுவாக.

மணிகள் சிறியதாக இருந்தால் நல்லதா, கெட்டதா?

இரண்டும் உண்டு. குரோமியம் படலத்தை நம்பும் கலவைகளில், 600 முதல் 800 டிகிரி வரை, சின்ன மணி பெரும்பாலும் நல்லது. எல்லைகள் அதிகம், குரோமியம் வருவதற்கு வழிகள் அதிகம், படலம் சீக்கிரம் மூடிக்கொள்ளும். கீறல் விழுந்தாலும் ஆறும்.

ஆனால் அதே வழியில் ஆக்சிஜனும் உள்ளே போகும். இழுவிசை இருக்கும் இடத்தில், 718 போன்ற கலவையில், எல்லை வழியே ஆக்சிஜன் புகுந்து விரிசலை முன்னே தள்ளும். டர்பைனில் சுழலும் வட்டுகளை வடிவமைப்பவர்களுக்கு உண்மையான பயம் இதுதான், எடை கூடுவது குறைவது இல்லை.

சூடு ஏற ஏற இந்த வேறுபாடு மங்கும். 1000 டிகிரியில் மணியின் உடல் வழியாகவே குரோமியம் வேகமாக வரும். போதாததற்கு மணிகளும் வளர்ந்து பெரிதாகிவிடும். ஆகவே "சின்ன மணி நல்லது" என்று யாராவது சொன்னால், எந்தச் சூட்டில் என்று திருப்பிக் கேளுங்கள்.

லேசரில் அச்சிட்ட பாகம் வார்ப்பைவிட மோசமாக அரிக்குமா?

இதற்கு ஒரே சொல்லில் பதில் சொல்கிறவரை நம்ப வேண்டாம். ஆய்வுக் கட்டுரைகளைப் படித்தால் ஒன்று நன்று என்னும், இன்னொன்று மோசம் என்னும். அவற்றில் நான் முதலில் தேடுவது ஒரே வரி: துண்டின் மேற்பரப்பைத் தேய்த்து மெருகேற்றிய பிறகு சோதித்தார்களா, அச்சிட்டபடியே உலையில் வைத்தார்களா? முரண்பாட்டில் பெரும்பகுதி அங்கேயே தெளிந்துவிடும்.

உள்ளமைப்பை மட்டும் பார்த்தால் அச்சிட்டது வார்ப்பைவிடச் சீரானது. தூள்படுக்கையில் (பரப்பிய தூள் அடுக்கில்) லேசர் உருக்கிய குட்டை விநாடிக்கு ஒரு லட்சம் முதல் பத்து லட்சம் டிகிரி வேகத்தில் குளிர்கிறது. வார்ப்பில் பத்து, நூறு மைக்ரான் அளவில் இருக்கும் கிளை இடைவெளி இங்கே ஒரு மைக்ரானைச் சுற்றி வந்துவிடுகிறது. ஒதுக்கம் இருக்கிறது, ஆனால் மிக நுணுக்கமாக. கொஞ்சம் சூடாக்கினால் கரைந்துவிடும். பெரிய கார்பைடுக் கட்டிகள் இல்லை. மெருகேற்றிய அச்சுத் துண்டுகள் வார்ப்புக்கு நிகராகவோ மேலாகவோ நிற்பதற்கு இதுவே காரணம்.

சிக்கல் மேல்தோலில். தூள்படுக்கை முறையில் பயன்படும் தூள் 15 முதல் 45 மைக்ரான் வரை. பக்கவாட்டுச் சுவரில் பாதி உருகி ஒட்டிய உருண்டைகள் கம்பளிப் பூச்சிமேல் மயிர்போல நிறைந்திருக்கும். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். 30 மைக்ரான் விட்டமுள்ள ஓர் உருண்டை, 20 சதவீதம் குரோமியம், அடர்த்தி கன செ.மீ.க்கு 8.2 கிராம். கோளத்தின் கன அளவைப் பரப்பால் வகுத்தால் ஆரத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 5 மைக்ரான். அப்படியென்றால் ஒரு சதுர செ.மீ. தோலுக்குப் பின்னால் நிற்கும் உலோகம் 4.1 மி.கி.; அதில் குரோமியம் 0.8 மி.கி. சொச்சம். குரோமியம் ஆக்சைடின் எடையில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்று மேல் குரோமியம். ஆக, 1.2 மி.கி. ஆக்சைடு வளர்ந்ததும் கையிருப்பு காலி. படலத்தின் தடிமனாகச் சொன்னால் வெறும் 2.3 மைக்ரான்.

இதே கணக்கை இரண்டு பக்கமும் காற்று படுகிற 3 மி.மீ. தகட்டுக்குப் போட்டால் ஒரு சதுர செ.மீ.க்கு 246 மி.கி. குரோமியம் வரும், முந்நூறு மடங்கு. உருண்டை கழுத்து வழியாகச் சுவரிலிருந்து கொஞ்சம் வாங்கிக்கொள்ளும்தான், ஆனால் கழுத்து குறுகியது. குரோமியம் தீர்ந்த உருண்டை நிக்கல் ஆக்சைடாக முழுவதும் மாறிவிடுகிறது. முன்பு சொன்ன கறுப்புப் பொடி பெரும்பாலும் இப்படி வந்ததாகத்தான் இருக்கும்.

அச்சிட்ட துண்டின் எடை ஏற்றம் (ஆக்சிஜன் சேர்ந்ததால் கூடிய எடை) அதிகமாகக் காட்டுகிறது. அரிப்பு வேகம் அதிகம் என்று எடுத்துக்கொள்ளலாமா?

உடனே வேண்டாம். சதுர செ.மீ.க்கு இத்தனை மி.கி. என்று எழுதும்போது பரப்பை எப்படி எடுத்தீர்கள்? வெர்னியர் காலிப்பரில் அளந்த நீளம், அகலத்தைப் பெருக்கினால் கிடைப்பது வடிவியல் பரப்பு. மேடும் பள்ளமுமான தோலின் உண்மைப் பரப்பு அதில் ஒன்றரை மடங்கு என்று வைத்துக்கொண்டால், படலம் அதே தடிமனில் இருந்தாலும் எடை ஏற்றம் ஒன்றரை மடங்காகக் காட்டும். துண்டைக் குறுக்கே வெட்டி, படலத் தடிமனையும் அதற்குக் கீழே குரோமியம் குறைந்த ஆழத்தையும் நேரில் அளப்பதுதான் நியாயமான ஒப்பீடு. உதிர்ந்த படலத்தைத் தட்டில் பிடிக்காமல் எடை போடுவது இதன் எதிர்த் தவறு: நிறைய அரித்த துண்டு குறைவாக அரித்ததுபோல் தெரியும்.

எந்தப் பக்கமாக வைத்து அச்சிட்டோம் என்பதுமா முக்கியம்?

ஆமாம். மணிகள் அச்சு உயரும் திசையில் தூண்போல நீள்கின்றன. மேல்முகத்தில் தூண்களின் குறுக்குவெட்டு தெரியும், அதனால் நிறைய எல்லைகள் அங்கே வந்து முடியும். பக்கச்சுவரில் நீண்ட முதுகு தெரியும், எல்லைகள் குறைவு. சீராக்காத துண்டில் இரண்டு முகங்களும் வேறு வேறு மாதிரி ஆக்சைடாகலாம். மணிகளை முழுவதும் புதிதாக உருவாகச் செய்கிற சூட்டுக்குக் கொண்டுபோனால் இந்தத் திசை வேறுபாடு பெரும்பாலும் மறையும்.

ஹிப் செய்துவிட்டால் துளைப் பிரச்சினை தீர்ந்ததுதானே?

ஹிப் என்பது ஆர்கான் வாயுவில் எல்லாப் பக்கமும் அழுத்திச் சூடாக்குவது. 718-க்கு 1120 முதல் 1185 டிகிரி, 100 மெகாபாஸ்கல், நாலு மணி நேரத்தை ஒட்டி. உள்ளே மூடிய துளைகள் நசுங்கி ஒட்டிக்கொள்ளும். வெளியே வாய் திறந்த துளையோ விரிசலோ மூடாது. அழுத்துகிற வாயு அதன் உள்ளேயும் நிற்கிறதே. அரிப்புக்கு முக்கியமானவை துல்லியமாக அந்த வாய் திறந்த துளைகள்தான்! தூளுக்குள்ளேயே சிறைப்பட்ட ஆர்கான் இருந்தால் துளை சுருங்கும், வாயு போகாது. பின்னால் அழுத்தமில்லாமல் உயர்ந்த சூட்டுக்குப் போனால் மறுபடி தலைதூக்கும்.

தூளை அச்சிடாமல் உறையில் அடைத்து ஹிப் செய்யும் பழைய தூள் உலோகவியல் முறையில் வேறொரு குறை. தூளின் தோலில் இருந்த ஆக்சைடும் கார்பைடும் பழைய உருண்டையின் உருவத்தை அப்படியே வலைபோல் விட்டுச்செல்லும். தாக்குதலுக்கு அது தயாரான பாதை.

சூடாக்கிப் பதப்படுத்துவதால் அரிப்பு கூடுமா குறையுமா?

சீராக்குவதால் குறையும், ஆனால் எந்தச் சூடு என்பதில் கவனம் வேண்டும். இன்கோனெல் 625 இன்னொரு நிக்கல் கலவை. அச்சிட்ட 625-க்கு உள்ளழுத்தம் தளர்த்த 870 டிகிரியில் ஒரு மணி நேரம் வைப்பது பரவலான வழக்கமாக இருந்தது. உருட்டிய 625-இல் அது பெரிய பாதிப்பில்லாத சூடு. அச்சிட்டதில் நியோபியம் இடுக்குகளில் ஒதுங்கியிருப்பதால் டெல்ட்டா என்ற நியோபியம் கட்டம் ஊசி ஊசியாக அந்த ஒரு மணி நேரத்திலேயே முளைத்துவிடுகிறது. 1150 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தால் ஒதுக்கமே கரைந்துவிடுகிறது. உருட்டிய தகட்டின் வெப்ப அட்டவணையை அச்சிட்டதற்கு அப்படியே ஒட்ட முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

இன்னொன்று உலையின் சூழல். காற்றில் பதப்படுத்தினால் படலம் வளர்ந்து, அதன் கீழே குரோமியம் குறைந்த தோல் உருவாகும். மிக நல்ல வெற்றிடத்தில் பதப்படுத்தினால் குரோமியமே மேற்பரப்பிலிருந்து ஆவியாகும். இரண்டிலும் மேல்தோலைச் சீவி எடுத்த பிறகுதான் உண்மையான கலவை வெளியே வரும்.

மேற்பரப்பை எப்படி முடிப்பது நல்லது? கண்ணாடிபோல் பளபளப்பாக்கினால் அரிப்பு குறையுமா?

எல்லாரும் வழுவழுப்புதான் நல்லது என்று நினைக்கிறார்கள். குரோமியம் படலக் கலவைகளில் பல நேரம் நடப்பது வேறு. கிரைண்டிங்கோ ஷாட் பீனிங்கோ (சின்னக் குண்டுகளால் அடிப்பது) செய்த தோல் நசுங்கி, படிகக் குறைகள் நிரம்பிக் கிடக்கும். சூடேறும்போது அங்கே மிகச் சின்ன மணிகள் முளைக்கும். குரோமியம் வருவதற்கு வழி கூடும், படலம் சீக்கிரம் மூடும். மின்பகுப்பு முறையில் பளபளப்பாக்கிய தோலில் நசுங்கிய அடுக்கே இல்லை. கண்ணுக்கு அழகு, ஆனால் அந்தத் தொடக்க உதவி கிடைக்காது. கார்பன் உள்ள வாயு உலோகத்தைப் பொடியாக்கும் சூழலிலும் மிதமாகத் தேய்த்த தோல் நன்றாகத் தாங்கும். பீனிங்கின் பலன் நிரந்தரமில்லை; உயர்ந்த சூட்டில் நசுங்கிய அடுக்கு சீக்கிரமே மறைந்துவிடும்.

மின்பொறியால் வெட்டும் ஈ.டி.எம். பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். வெட்டிய முகத்தில் உருகி மறுபடி உறைந்த மெல்லிய அடுக்கு நிற்கும். அதில் நுண்விரிசல், வெட்டும் கம்பியிலிருந்து வந்த செம்பு, துத்தநாகம். சோதனைத் துண்டுகளைக் கம்பி ஈ.டி.எம்.-இல் வெட்டி அப்படியே உலையில் வைத்து, வந்த விசித்திர முடிவுக்கு நானே ஒரு வாரம் விளக்கம் தேடியிருக்கிறேன். அரை மணி நேரம் எமரித்தாளில் தேய்த்திருந்தால் அந்த வாரம் மிஞ்சியிருக்கும்.

உப்பு படிகிற இடத்தில் கதை மாறுமா?

முழுவதும் மாறும். கடற்காற்றின் உப்பும் எரிபொருளின் கந்தகமும் சேர்ந்தால் சோடியம் சல்பேட். அது 884 டிகிரியில் உருகும். அந்தச் சூட்டை ஒட்டி, 950 டிகிரி வரை, உருகிய உப்பு பாதுகாப்புப் படலத்தையே கரைக்கும். கந்தகம் உள்ளே புகுந்து குரோமியத்தைச் சல்பைடாகப் பிடித்துக்கொள்ளும். அதற்குக் கீழே, 700 டிகிரியைச் சுற்றி இன்னொரு வகை. சோடியம் சல்பேட்டும் நிக்கல் சல்பேட்டும் கலந்தால் 671 டிகிரியிலேயே உருகும் என்பதால், தனி உப்பு உருகாத சூட்டிலும் குழி குழியாக அரிக்கும்.

இங்கே கரடுமுரடான தோல் வேறு வகையில் கெடுதல் செய்கிறது. உருகிய உப்பு திரவம். பள்ளத்திலும் விரிசலிலும் திரி எண்ணெயை இழுப்பதுபோல ஏறித் தங்கும். காற்றில் மட்டும் வேலை செய்யும் பாகத்துக்குக் கொஞ்சம் சொரசொரப்பை மன்னிக்கலாம். உப்பு படியும் பாகத்துக்கு மன்னிக்கக் கூடாது.

வெல்டிங் செய்த இடம் ஏன் முதலில் போகிறது?

வெல்டும் ஒரு சின்ன வார்ப்புதான், வார்ப்பின் ஒதுக்கம் எல்லாம் அதிலும் உண்டு. கொதிகலன் குழாய்களுக்கு மேல் 625-ஐ வெல்டாகப் பூசுவது வழக்கம். குப்பை எரிக்கும் ஆலைகளில் குளோரைடைத் தாங்குவதற்காக. அந்த வெல்டில் மாலிப்டினமும் நியோபியமும் இடுக்குக்குப் போக, கிளைத்தண்டு ஏழையாகிவிடும். தாக்குதல் தண்டைத் தேடிப் பிடிக்கும். அடியில் உள்ள எஃகு உருகி மேலே கலந்தால் இரும்பு கூடும். இரும்பை 5 சதவீதத்துக்குள் நிறுத்தப் பலரும் பாடுபடுவது அதனால்தான். வெப்பத்தைக் குறைவாகச் செலுத்தும் முறைகளில் இது எளிது.

கந்தகம் பத்து லட்சத்தில் சில பங்குதானே, அதைப் பற்றியும் கவலைப்பட வேண்டுமா?

அலுமினியம் படலக் கலவைகளில், கண்டிப்பாக. அந்தச் சில பங்கு கந்தகம் உலோகத்துக்கும் படலத்துக்கும் நடுவே போய்ச் சேர்ந்து ஒட்டுதலைக் கெடுக்கிறது என்பது 1980களில் தெளிவானது. சூடாகிக் குளிரும் ஒவ்வொரு முறையும் படலம் உதிரும். உருக்கும்போதே கந்தகத்தை ஒரு பங்குக்குக் கீழே கொண்டுவருவது ஒரு வழி. சிறிது இட்ரியமோ ஹாஃப்னியமோ லாந்தனமோ சேர்த்துக் கந்தகத்தைக் கட்டிப்போடுவது இன்னொரு வழி.

தூள் முறையில் இங்கே ஒரு பொறி இருக்கிறது. இட்ரியம் ஆக்சிஜனைக் கண்டால் விடாது. தூளில் ஆக்சிஜன் அதிகமானால், பலமுறை திரும்பப் பயன்படுத்திய தூள் என்றால் சொல்லவே வேண்டாம், இட்ரியம் முன்பே ஆக்சைடாகிவிடும். சான்றிதழில் அளவு சரியாக இருக்கும், வேலை செய்யும் நிலையில் இருக்காது.

பூச்சு போட்டுவிட்டால் இதெல்லாம் தேவையில்லையே?

பூச்சுக்கும் செய்முறை உண்டே. ஒரே பூச்சுத் தூளைக் காற்றில் பிளாஸ்மா தெளிப்பில் அடித்தால் துளிகள் பறக்கும்போதே ஆக்சைடாகி அடுக்குகளுக்கு நடுவே சிக்கும். அதிவேகச் சுடரில் அடித்தால் அது குறையும். வெற்றிடத்தில் இன்னும் குறையும். தவிர, பூச்சிலுள்ள அலுமினியம் வெளியே மட்டுமல்லாமல் அடி உலோகத்துக்குள்ளும் மெல்ல இறங்கும்.

தூள்படுக்கையில் அச்சிட்ட பாகத்தை வாங்கும்போது என்ன கேட்க வேண்டும்?

தூள் எத்தனையாவது முறை பயன்பட்டது, அதன் ஆக்சிஜன் அளவு என்ன. அச்சிட்ட திசை. ஹிப் உண்டா, அதற்குப் பிறகான வெப்ப அட்டவணை, உலையின் சூழல். உள்வழிகளின் சுவர்கள் எப்படி முடிக்கப்பட்டன. வெளிப்பக்கத்தைத் தேய்த்துவிடுவார்கள், குளிர்காற்று போகும் சின்னத் துளைக்குள் கருவி எட்டாது. பாகத்தோடு சேர்த்து அச்சிட்ட சோதனைத் துண்டு ஒன்று, உள்வழியின் அதே சுவரோடு.

சோதனையில் நிலையான சூட்டுக்கு ஐ.எஸ்.ஓ. 21608, சூடாக்கிக் குளிர்விக்கும் சுழற்சிக்கு ஐ.எஸ்.ஓ. 13573 என்று நெறிகள் இருக்கின்றன. பாகம் தினமும் நின்று ஓடுவது என்றால் இரண்டாவதைக் கேளுங்கள். துண்டை மெருகேற்றித் தரட்டுமா என்று சோதனைக்கூடத்தில் கேட்பார்கள். பாகம் எந்தத் தோலோடு வேலைக்குப் போகிறதோ அதே தோலோடு ஒரு தொகுதியும், மெருகேற்றி இன்னொரு தொகுதியும் வைக்கச் சொல்லுங்கள்.